பஸ் அக்காவின் கம்ப்யூட்டர்

அன்பு அண்ணிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் காலையில் வேனை எடுக்கும் முன் அதைத் துடைத்துவிட்டுப் போகிறார். ஆன் செய்வதில்லை. போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அண்ணி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சமையல் முடிந்து, அண்ணன் கீழ்பென்னாத்தூர் டிரிப் போயிருக்கும் மதிய நேரத்தில் நீங்கள் ஃபோனில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஆடுவீர்கள். முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், குரலை மட்டும் வைத்து அதை லைவ் போடுவீர்கள். விளையாட்டில் வருவது ஏதோ வெளிநாட்டு ஊர். நீங்களோ அங்கேயும் நம் பக்கத்து ஊர்களைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

“கீழ்பென்னாத்தூர் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க! தூங்கறவர கொஞ்சம் எழுப்பி வுடுங்கம்மா, செஞ்சி வரைக்கும் போயிடப் போறாரு!”

பார்க்க வந்தவர்கள் உங்களை ‘பஸ் அக்கா’ என்றார்கள். துபாயில் வேலை செய்யும் ஒருவர், உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் மதியம் சாப்பிடுவதாக எழுதியிருந்தார். அன்று முழுக்க உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் கிண்டல் செய்தார். “நாள் முழுக்க நான் ரோட்ல ஓட்றேன், நீ உக்காந்த எடத்துல ஓட்றியா?”

“நீங்க ஓட்னா டீசல் ஆவுது. நான் ஓட்னா சார்ஜ்தான ஆவுது” என்றீர்கள். அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஃபோன் சூடாகி லைவ் பாதியில் நின்றுபோகும். பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு ஊரில் கூடும் கூட்டத்தில் நெட் படுத்துவிடும். வீட்டுக்கு லைன் இழுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தீர்கள். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் செய்யும் கடையில் நான் வேலை பார்ப்பதால், பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் சீட்டுப் பணத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டோடு உட்காருவோம். கேமும் லைவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதால் ப்ராசஸரில் கஞ்சத்தனம் கூடாது என்றேன். கிராபிக்ஸ் கார்டு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டமாகப் போட்டால் எல்லாமே போய்விடும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். வேறு சில விஷயங்களில்தான் பிடிவாதம்.

“லைட்டு எரியற கேபினெட் வேணாம் சுமதி, கண்ணு கூசுது.”

“மவுஸு லேசா இருக்கறதா பாரு. கையில எதுவும் நிக்கவே மாட்டேங்குது.”

“மானிட்டர் மட்டும் பெருசா இருக்கட்டும். எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.”

“மானிட்டர்ல காச போட்டுட்டா கார்டுக்குக் கம்மியாயிடும் அண்ணி” என்று எரிச்சலோடு சொன்னேன். சொல்லிக்கொண்டே எழுதியும் வைத்தேன். எல்லாமே உங்கள் விருப்பம் என்றுதான் நினைத்தேன்.

தலைவலி என்று நீங்கள் படுத்தபோதெல்லாம் வீட்டில் ஒரே பேச்சுதான். “எந்நேரமும் அந்த ஃபோனையே பாத்துனு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?” என்பாள் அம்மா. உங்கள் பக்கம் நின்ற நானும் அதையேதான் வேறு மாதிரி சொன்னேன். “பெரிய ஸ்க்ரீன் வந்துட்டா செரியாயிடும் அண்ணி. இப்ப விலை ஜாஸ்தி, ரெண்டு மாசம் பொறுங்க.”

நீங்களும் பொறுத்தீர்கள். என்னை நம்பித்தானே?

ஒரு காலையில் குழாயடியில் குடத்தோடு விழுந்தீர்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் கட்டி. “எவ்ளோ நாளா இவங்களுக்கு ரெண்டு ரெண்டா தெரியுது?” என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும். நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தேனே.

ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்குப் பேச்சு வரவில்லை, வலது கையும் எழவில்லை. கட்டி முழுசாகப் போகவில்லை என்றார்கள். ஒருநாள் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வந்து, “அந்த லிஸ்ட்ட குடு” என்றார். சென்னைக்குப் போய், ஒன்றைக்கூட மாற்றாமல் வாங்கி வந்தார். நீங்கள் வீடு திரும்புவதற்குள் நான் எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டேன். உள்ளே வந்ததும் மானிட்டரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தீர்கள்.

அந்த ஒரு மதியத்தை மறக்க முடியவில்லை. இடது கையால் பஸ்ஸை மெதுவாக நகர்த்தினீர்கள். லைவ் போட்டுவிட்டேன். “அக்கா, மைக் ஆஃப்ல இருக்கு”, “அக்கா பேசுங்க” என்று கமெண்ட் வரிசையாக வந்தது. நீங்கள் வாயைத் திறந்தீர்கள், மூடிக்கொண்டீர்கள். நிறுத்திவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

வாசலில் வேன் சாவியோடு நின்ற அண்ணன் வந்து உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மைக்கை இழுத்துக்கொண்டார். “ஏறுங்க, ஏறுங்க… கீழ்பென்னாத்தூர், செஞ்சி… படியில நிக்காதீங்கம்மா…” குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. யாரோ ‘புது கண்டக்டரா?’ என்று எழுதினார்கள். நீங்கள் சிரித்தீர்கள் அண்ணி. இருபது நிமிடம் ஓட்டினீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் விளையாடியது அவ்வளவுதான்.

அந்த இரண்டு மாதத்தில் உங்களைப் பொறுக்கச் சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால்? டாக்டரிடமே கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால்கூட எப்படியோ தாங்கியிருப்பேன்.

உங்கள் சேனலில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எப்போது வருவீர்கள் என்று. அவர்களுக்கு எதுவும் தெரியாது. நேற்று அண்ணனிடம், “சொல்லிடலாமாண்ணா?” என்றேன். கையிலிருந்த துணியால் மானிட்டரைத் துடைத்தார். பிறகு சொன்னார்: “சொல்லு. அவ பேரையும் சேத்து சொல்லு. அவ பேரு தெரியாமயே அவங்க அழக் கூடாது.”

வரும் ஞாயிறு மதியம், உங்கள் நேரத்தில், அதை ஆன் செய்யப் போகிறேன். தேவகி என்ற உங்கள் பெயரை முதலில் சொல்வேன். நான் உங்களைப் பொறுக்கச் சொன்னதையும் மறைக்க மாட்டேன். அண்ணன் அன்றைக்கு வேன் எடுக்கப் போவதில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்.

உங்களை அண்ணி என்று கூப்பிடும் ஒரே நாத்தனார்,
சுமதி