அம்மனுக்குப் பதில்

விக்கிரம வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

வாந்திபேதி கண்ட வீடுகளில் நோய் ஒட்டியிருக்குமென்று வலைகளையும் எரித்துவிட்டோம். இப்போது ஏரியில் மீன்பிடிக்க அந்த வீட்டாரின் முறை வந்தும் இறங்க வலை இல்லை. இன்று ஊர்ப் பஞ்சாயத்தில், தலைவரான என் நைனா, அம்மன் திருவிழாவுக்குச் சேர்த்த பணத்தில் அந்த வீடுகளுக்கெல்லாம் வலைநூல் வாங்கச் சொன்னார்.

"ஆத்தா கேட்டா இன்னா பதில் சொல்றது?" என்றார் பூசாரி.

"அத நான் சொல்லிக்கிறேன். நூலுக்கு உலாந்தா வெள்ளைக்காரன் கோட்டைக் கடைக்கு ஆள அனுப்புங்க" என்றார் நைனா.

நோய் திரும்பினால் பழி அவர் தலையில்தான். ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் நைனாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கோயில் வாசலில் தனியாக நின்றிருந்தார். கும்பிடவில்லை. "வலை இல்லாதவன் உனக்கு இன்னாத்த படைப்பான்? நீயே சொல்லு" என்று அம்மனையே கேட்டுக்கொண்டிருந்தார்.