கீழ் வயலுக்கு ஏற்ற துப்பாக்கி

கெல்லி வென் பண்ணை,
வேல்ஸ்.
ஏப்ரல்.

மகள் மெலெரிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது இலையுதிர்காலம். உன் முதலாளியின் ஆடுகள் ஆகஸ்டுக்கு முன் குட்டி போடப்போவதில்லை. ஆகவே இதைப் படிக்க உனக்கு நேரம் இருக்கும். நரிக்கு எந்த அளவுத் துப்பாக்கி சரி என்று உன் அபிப்பிராயம் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

நரி கீழ் வயலை விட்டு நகர மறுக்கிறது. ஈரம் காயாத குட்டியைத் தாயின் காலடியிலிருந்தே இழுத்துப் போகிறது. அதனால் ஆடுகளையெல்லாம் கொட்டகைக்குள் அடைத்துவிட்டேன். வெளியே புல் வளர்ந்து கிடக்க, உள்ளே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது. வெளியே விட்டால் நரி, உள்ளே வைத்தால் நோய்.

உன் அண்ணன் கெதின் போனில் சொன்னான், "இந்த வருஷமும் குட்டி போச்சுன்னா ஆடுங்கள வித்துரலாம்ப்பா. மிச்ச வயலயும் கேக்கறாங்க. நீங்க டவுனுக்கு எங்ககூட வந்துருங்க. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு." அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பண்ணை அவன் பெயரில் இருக்கிறது, விற்றால் நான் தடுக்க முடியாது. மூத்தவன் பெயருக்கு எழுதியது சரிதான் என்று இன்றும் சொல்வேன். நீ கிளம்பிய அன்று கேட்ட கேள்வியைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வேலிக்கு அப்பால் இருந்த நிலத்தைக் கெதின் விற்றான் அல்லவா, அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு மரக்குடில்கள் கட்டிவிட்டார்கள். வயலை மூன்று பக்கமும் வளைத்து நிற்கின்றன. அடித்தளம் தோண்டியது பக்கத்துப் பண்ணை மைரிக்கின் இயந்திரம். அவன் இப்போது வந்து, "மாமா, நான் வேணா ஒரு ராத்திரி வந்து அந்த நரியச் சுட்டுத் தரட்டா?" என்கிறான். என் நிலத்தில் அவன் தோட்டா விழ வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

துப்பாக்கி உரிமம் பார்க்கும் அதிகாரி திருமதி பிரிச்சர்ட் நேரில் வந்தார். வயலின் கதவருகே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது டீ குடிச்சிட்டு ஒக்காந்திருக்காங்களே, பெரியவரே! இங்கேருந்து எதையும் சுடக் கூடாது" என்றார். என் பழைய 243 அளவுத் துப்பாக்கி மானுக்கு உரியது. குறி தவறினால் குண்டு வயலைத் தாண்டி, குடிலைத் தாண்டிப் போகும். முயலுக்கு வைத்திருக்கும் 22 நரியைக் கொல்லாது. காயத்தோடு ஓடி ஏதாவது புதரில் கிடந்து சாகும், அதை நான் செய்யமாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலே பாறையிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். அதற்கு அவர் சம்மதித்தார். நீ குப்புறப் படுத்துச் சுடுவாயே, அதே இடம். நாலு சக்கர வண்டியில் என்னால் அங்கே போக முடிகிறது. போன வாரம் விடியும் நேரத்தில் போனேன். நரி வந்தது. துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை அதன் தோள்மேல் வைத்து, விசையில் விரலையும் வைத்துவிட்டேன். அப்போது அது வாலை ஆட்டியது. மைரிக்கின் குட்டிநாய்! விரலை எடுத்துவிட்டேன். எத்தனை பேர் எடுத்திருப்பார்கள், சொல்.

தொலைநோக்கியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று துப்பாக்கிக் கடை டெல்வினிடம் கொண்டுபோனேன். அவன் ஜன்னல் வழியே பார்த்து, "தெருக்கோடி சர்ச் கடியாரத்துல முள்ளு தெரியுது. கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. நீங்க கண்ண ஒரு தடவ காட்டிட்டு வாங்களேன்" என்றான். எனக்கு வேலை இருந்தது. அதன்பின் பாறைக்கு நான் போகவில்லை. பாறையும் நரியும் அங்கேயேதான் இருக்கின்றன.

துப்பாக்கி அளவைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. 223 வாங்கு, தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும் என்கிறான் மைரிக். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவன் நான். ஆனால் குண்டின் எடை, வேகம், தூரம் எல்லாவற்றையும் நானே படித்துக் கற்றவன். பாறையிலிருந்து வயலுக்கு இருக்கும் தூரத்துக்கு 222 போதும். சத்தம் அடக்கம், குடில்காரர்கள் அலறமாட்டார்கள். மெல்லிய குண்டு மண்ணில் பட்டதும் சிதறிவிடும். முக்கியமாக, தோளில் உதைக்காது. 243 உதைத்து உன் இடது தோள் வாரக்கணக்கில் நீலம் பாரித்துக் கிடந்தது நினைவிருக்கும். வலப்பக்கம் இருக்கும் தோட்டா ஏற்றும் கைப்பிடியை எட்டி இழுக்க நீ துப்பாக்கிமேல் கையைச் சுற்றிக் கொண்டுபோவாய். அப்படியும் என்னைவிட நன்றாகச் சுட்டாய். காற்று உனக்குச் சாதகமாக இருந்தது.

ஆகவே 243ஐக் கொடுத்துவிட்டு 222 வாங்கிவிட்டேன். உரிமத்திலும் எண்ணை மாற்றியாயிற்று. பிறகு எதற்கு உன் அபிப்பிராயம் என்று கேட்பாய். கேட்டு வைப்பதில் தவறில்லை.

கடையில் டெல்வின் ஒரு கூத்தே நடத்தினான். "பெரியவரே, நீங்க வலதுகைக்காரர்தானே? இது எடதுகைக்காரங்களுக்குச் செஞ்சது, கைப்பிடி அந்தப் பக்கம் இருக்கு பாருங்க. வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது!" கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வலதுகைக்கான 222 ஒன்று சுவரில் தொங்கத்தான் செய்தது. அதன் மரம் எனக்குப் பிடிக்கவில்லை.

திருமதி பிரிச்சர்டிடம் பொதுவாக ஒன்று விசாரித்தேன். என் சொந்த நிலத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போது, உரிமம் இல்லாத வேறொருவர் என் துப்பாக்கியால் சுடலாமா என்று. "நீங்க கூடவே இருந்தா சுடலாம். யாரு, உங்க பையனா?" என்று கேட்டார். கெதினுக்குத் துப்பாக்கியின் எந்த முனை முன்பக்கம் என்றே தெரியாது என்று சொன்னேன். 

பாதி ஆடுகள் இன்னும் ஈனவில்லை. மே மாதம் பாதிவரை இழுக்கும். அதுவரை கொட்டகைக் கதவு சாத்தியே இருக்கும். காலையில் தீனி போடப் போகும்போது எல்லாம் சேர்ந்து என் முகத்தைப் பார்க்கின்றன. கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி சாத்திக்கொள்கிறேன்.

துப்பாக்கி இரும்புப் பெட்டியில் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறது. நான் இன்னும் ஒரு குண்டும் சுட்டுப் பார்க்கவில்லை. குறி சரிசெய்வதை அதைச் சுடப்போகிறவர்தான் செய்ய வேண்டும், அதுதான் முறை.

நீ வேலை செய்யும் இடத்தில் உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். குளிரில் நனையாதே. இடது தோளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
இட்ரிஸ்