கிளிக்குச் சொன்ன பெயர்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருந்த இடத்தில் இருந்தபடியே நலம், நகர்ந்தால்தானே ஏதாவது கெடுவதற்கு. நீ எந்தக் கடலில் எந்த மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயோ, இந்தக் கடிதம் கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய் அங்கிருந்து துறைமுகம் துறைமுகமாக உன்னைத் துரத்திப் பிடிக்கும்போது நீ சாப்பிட்டுத் தூங்கி நல்ல உடம்போடு இருக்க வேண்டும். கையுறை இல்லாமல் கம்பியைத் தொடாதே. சொன்னால் கோபம் வரும் உனக்கு, வரட்டும்.

முதலில் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. போன தடவை வந்தபோது அப்பாவுக்காக ஒரு பிளாப்பியில் கிளி கொண்டுவந்து நம் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனாயே, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் அதைக் கீச்சுக் குரலில் வாசிக்குமே, அந்தக் கிளியைத்தான் சொல்கிறேன். குழந்தைகள் வேடிக்கை பார்க்கச் செய்த சாமான் இந்த வீட்டில் அப்பாவுக்கு வாயாகிவிட்டது. வாதம் வந்ததிலிருந்து அவருக்கு நினைவெல்லாம் தெளிவு, நாக்குத்தான் புரளவில்லை, வலது கையும் மடியிலேயே கிடக்கிறது. இடது கையால் எழுதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவர், முத்து முத்தாக எழுதியவர், அந்தக் கோணல் எழுத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். ஆனால் கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டுவார். மழை என்று அடித்தால் கிளி மஸ்ஹாய் என்று கத்தும், கடவாய்ப் பல்லில் கல் கடிபட்டதுபோல ஒரு முகம் காட்டுவார், பிறகு மறுபடியும் தட்டுவார். நான் அடுப்படியில் இருந்தாலும் காதில் விழும். ஒரு மாதம் இந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தோம்.

பதிவு செய்யாமல் ஓடும் அந்த ஒரு மாதம் முடிந்த அன்று காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கிளி வாயே திறக்கவில்லை. கூண்டில் பூட்டு தொங்குகிறது, கீழே இரண்டு கட்டம், பெயர் என்ன, எண் என்ன என்று. அப்பா சிரமப்பட வேண்டாம் என்று மெஷினைப் போட்டதும் கிளி தானாக வரும்படி நீ செய்து வைத்திருந்தாய் அல்லவா, அதனால் அதைத் தாண்டி வேறு எதுவும் திறக்கவில்லை, சீட்டு விளையாட்டுகூட வரவில்லை. கம்ப்யூட்டரும் எங்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. அப்பா ஸ்பூனால் டம்ளரைத் தட்டிக் கூப்பிட ஆரம்பித்தார். தண்ணீருக்கும் அதே டிங், ஜன்னலை மூடுவதற்கும் அதே டிங், முதுகு அரிப்புக்கும் அதே டிங். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நான் தப்புத் தப்பாகச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சத்தம் காதில் விழாமல் போய்விடுமோ என்று நான் குளிக்கும்போதுகூடத் தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினேன். கீழே இறங்கித் தெருவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டிடத்துச் சுவர், அதில் ஒரு குழாய். உனக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு மூச்சு முட்டியது. அவர்மேல் கோபம் வந்தது, அவர்மேல் கோபப்படுகிறேனே என்று என்மேலும் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. பிளாப்பியைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினால் இன்னொரு மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். டிரைவ் முனகிக்கொண்டே படித்தது, நீலப் பட்டை மெதுவாக நிரம்பியது, எல்லாம் முடிந்ததும் அதே பூட்டோடு அதே கிளி வந்து உட்கார்ந்தது. பிறகுதான் உன் கடிதம் வந்தது. கிளியைச் செய்தவர் காசு கேட்பதில்லை, அவருக்குப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்பினால் போதும், அனுப்பிவிட்டேன், அவர் கொடுத்த எண் இது, பெயரைப் போட்டு எண்ணைப் போடு என்று எழுதியிருந்தாய். எந்தப் பெயரை என்று எழுதினாயா மகாராணி? அப்பா பெயரை இனிஷியல் முன்னால் வைத்துப் போட்டேன், பின்னால் வைத்துப் போட்டேன், என் பெயர், உன் பெயர், வாலு, எல்லாம் தப்பு என்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, பேரும் நம்பரும் ஜோடிம்மா, ஒரு எழுத்து மாறினாலும் தெறக்காது, உங்க பொண்ணு அப்பாவை வீட்டில என்னன்னு கூப்பிடுவாங்க, யோசிச்சுப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்தேன், ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஹாஸ்டலிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எல்லாம் சிவப்பு மையில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்புவாரே, அப்போது நீயும் நானும் ரகசியமாக வைத்த பெயர், சிடுமூஞ்சி. அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பேச்சும் போய் உட்கார்ந்திருக்கிற மனுஷன் கண் முன்னால் அந்தப் பெயரை அடிப்பதா? திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அடித்தேன். மூ-வுக்கு ஓ இரண்டு போட்டேன், யூ ஒன்று போட்டேன், ஞ்சி-க்கு ஜே போட்டேன், சி-ஹெச் போட்டேன். தமிழில் ஒரே சொல், ஆங்கில எழுத்தில் எத்தனை வேஷம் கட்டுகிறது பார். எதற்கும் பூட்டு அசையவில்லை. நான் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன்.

டிங் என்றது. நிமிர்ந்தால், பின்னாலிருக்கிற அலமாரிக் கண்ணாடியில் திரை அப்படியே அவருக்குத் தெரிகிறது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. கீபோர்டைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், சிடுமுஜி. ஞ் இல்லை, மூ-வும் குறில். எனக்கு அப்புறம்தான் உறைத்தது, ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போது இதே கம்ப்யூட்டரில் நீ விளையாடுவாயே, சந்து சந்தாகத் துரத்தும் பூதம், அதற்கு நீ வைத்த பெயர் திரையின் ஓரத்தில் அப்படித்தான் இருக்கும். பின்னால் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் அத்தனையும் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட அதிசயம், பிழையைப் பார்த்தும் திருத்தாமல் இருந்திருக்கிறார்.

பூட்டு விழுந்தது, கிளி இறக்கையை அடித்துக்கொண்டு வெல்கம் சிடுமுஜி என்றது. இனி தினமும் காலையில் அப்படித்தான் சொல்லுமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, உனக்கு எழுதி வேறு நல்ல பெயருக்கு எண் வாங்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று தட்டினார். அச்சகத்தில் தவறுதலாக அடித்துவிட்ட சொல்லை நீக்காமல் அப்படியே விடச் சொல்வதற்கு, அதன் கீழே புள்ளி வைத்து ஓரத்தில் எழுதுவார்களே, அதே இருக்கட்டும். கிளி அதை இருக்காட்டம் என்று வாசித்தது, அப்போதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு வெகுநேரம் தட்டினார். கிளி சொன்னது, நீ கீழ போயிட்டு வா, ஏதாவதுன்னா கிளிய விட்டுக் கத்தறேன், எதிர்வீட்டம்மா பாத்துக்குவாங்க. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவும் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதத்தை நானே இறங்கிப் போய்த் தெருமுனைப் பெட்டியில் போடப்போகிறேன். தெருமுனை வரைக்கும்தான், அதற்கே செருப்பைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் அப்பாவிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவைக் கேட்டார், நான் இடது கையில் வைத்தேன். என் பிழைகளின் கீழே புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார், தாளின் அடியில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதே.

நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்கூட இருக்கும். இனிமேல் எண்ணை எழுதினால் பெயரையும் சேர்த்து எழுது. கையுறையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

இருக்கட்டும்