மூடிகள் முதலில் வந்தன

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்த ஊரின் சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நம் தெருவுக்கு வரப்போகும் மழைநீர் வடிகாலின் மூடிகள் வட்டமாக இராமல் சதுரமாகவே இருக்கும் என்று நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. காலையில் தொடங்கிய விவாதம் சாப்பாட்டுக்குப் பிறகும் நடந்தது. வட்டமானால் உருண்டு ஓடிவிடும் என்று ஒரு உறுப்பினர் கவலைப்பட்டார், சதுரம் எங்கும் ஓடாது என்று தலைவர் தைரியம் சொன்னார், எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பட்ஜெட் கூட்டத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம் என்பதால் நானும் உன் சித்தியும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சித்தியின் தையல் கடை தெருவின் பள்ளத்தில் இருப்பது உனக்குத் தெரியும், பெருமழை பெய்தால் தண்ணீர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும், அதனால் இந்த வடிகாலுக்கு அவள் போடாத மனு இல்லை. கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து, மூடி சரிங்க ஐயா, வாய்க்கால எப்ப வெட்டுவீங்க என்றாள். பொறியாளர் பொறுமையானவர். தெருவுக்கு அடியில குடிதண்ணிக் குழாய் ஓடுதும்மா, வெட்டணும்னா குடிநீர்த் துறை அனுமதி வேணும், அது இந்த வருஷம் வராது, ஆனா ஒதுக்குன பணத்த இந்த வருஷமே செலவழிக்கலன்னா திரும்பிப் போயிடும், மூடி வாங்க யார் அனுமதியும் வேண்டாம், அதான் மொதல்ல மூடி என்று விளக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் சித்தி என் காதில், மூடிய வாங்கிட்டு அதுக்கேத்த பானைய தேடப் போறாங்கக்கா என்றாள்.

சொன்ன சொல் தவறாதவர்கள். நிதியாண்டு முடிவதற்குள் லாரி லாரியாகக் கான்கிரீட் மூடிகள் வந்து இறங்கின. தெருவில் பள்ளமான இடம்தான் லாரி திரும்ப வசதி என்று சித்தி கடையின் ஓரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார்கள். சரக்கைக் குறை சொல்ல முடியாது என்கிறார் உன் அப்பா. சாயங்காலம் அதன்மேல் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிறார், இத்தனை வருஷம் வரி கட்டியதற்கு நகராட்சி அவருக்குச் செய்துகொடுத்த ஒரே வசதி அது. தெருத் தண்ணீர் பக்கத்துக் காலி மனைக்குள் இறங்கிப் போக இருந்த ஒரே வழியை அந்த அடுக்கு அடைத்துக்கொண்டதுதான் சிறு குறை. முதல் மழையில் தண்ணீர் வாசற்படியோடு நிற்காமல் உள்ளே வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறு. மூடிகளையாவது நகர்த்தி வையுங்கள் என்று கேட்கப் போனோம். வாங்குவதற்குத்தான் ஒதுக்கீடு, நகர்த்துவதற்கு இல்லை என்றார்கள். வடிகாலையே இந்த வருஷம் தோண்டிவிடுங்கள் என்று சித்தி கேட்டதற்குப் பொறியாளர் புது ஐந்தாண்டுத் திட்டத்தைக் காட்டினார். அதில் நம் தெரு கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கிறது. மூடி வந்துட்டதால உங்க வேலை பாதி முடிஞ்சதா கணக்கும்மா, ஒண்ணுமே நடக்காத தெருவுங்க எத்தனையோ இருக்கு, அவங்களுக்குத்தானே முன்னுரிமை குடுக்கணும், நீங்களே சொல்லுங்க என்றார். அப்ப மூடியத் தலையில தூக்கிக்கிட்டுப் போய் அந்தத் தெருவுல போட்டா அவங்க வேலையும் பாதி முடிஞ்சிடுமா என்று சித்தி கேட்டாள். அவர் அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்.

நீங்கள் வீடு கட்ட யோசிப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். கையில் பணம் இருக்கிறதே என்று கதவை முதலில் வாங்கிவிடாதே. மாப்பிள்ளை நகராட்சி வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகக் கேள்வி, நல்ல பிள்ளை, பேசித் திருப்பு. உன் இருமல் நின்றதா என்று நீ எழுதவே இல்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நினைத்த வரிசையில் கைகூடி வாழ வேண்டும். விடுமுறைக்கு வரும்போது எந்த நாள் என்று முன்பே எழுது, கூடத்தில் உங்களுக்குப் படுக்கை போட வேண்டும். உன் அறையில் சித்தியின் தையல் மிஷின்கள் இருக்கின்றன. கடையைப் போன வாரம் காலி செய்துவிட்டாள்.

உன் அம்மா