வாய் திறந்தபடி ஒரு கண்ணீர் அஞ்சலி

அத்தை,

நேற்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கல்யாண பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது பிளக்ஸுக்கென்று ஒரு வாடை உண்டே, மண்ணெண்ணெயும் ரப்பரும் ஒன்றாக வேகிற மாதிரி, அது மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துச் சித்தப்பாக்கள், மாமன்கள், மாமன்களின் குழந்தைகள் என்று ஒரு கூட்டமே இருந்தது. எல்லோருக்கும் ஒரே நிறம், டியூப்லைட் நிறம். அந்த பேனரை மாட்டிவிட்டால் தெருவிளக்கே தேவையில்லை. நீ பக்கத்தில் நின்றிருந்தால், "இவ்ளோ வெளிச்சத்துக்குக் கரண்ட் பில்லு யாருடி கட்றது?" என்று கேட்டிருப்பாய். நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். பேனர் கட்டுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உன் பேனர் வந்த கதையை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். மழைக்காலம், ஊரே இருமிக்கொண்டிருந்தது, நீயும் இரண்டு நாளில் திரும்பிவிடுவாய் என்று நினைத்தோம். திரும்பி வந்தது உன் செருப்பும் கண்ணாடியும்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். எழுதினால் அழுவேன், அழுதால் நீ கிண்டல் பண்ணுவாய்.

பஜாரில் உன் போட்டோ ஸ்டூடியோவுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. பகலெல்லாம் ஆள் முகம். தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கேட் பாஸுக்குப் படம் எடுக்க வருவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே கறுப்புக் கோட்டு, ஆணியில் தொங்கும். ஒருமுறை அதன் பாக்கெட்டில் ரப்பர் பல்லியைப் போட்டு வைத்தேன். விறைப்பாக உட்கார்ந்திருந்த ஒரு சூப்பர்வைசர் கையை உள்ளே விட்டார். அவர் துள்ளிய நொடியில் நீ பட்டனை அழுத்திவிட்டாய். என்னை விரட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடி வந்தாய். திரும்பிப் போனால் அந்த மனுஷன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "மேடம், இதுல ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க, ஊட்ல மாட்டணும்" என்றார்.

விடிகாலையில் உனக்கு ஊர் முகம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் போய்விடுவாய். ஏரி, படகு, நாரை, வலையை உதறுகிற ஆட்கள், இவையெல்லாவற்றுக்கும் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள். ஒரு காலண்டர் கம்பெனிக்காரர் உன் படத்தைப் பார்த்து அசந்துபோனார். "சூப்பரா கீது மேடம். அந்தக் கூண்ட மட்டும் அழிச்சிட்டுக் குடுங்க" என்றார். "கூண்டு அங்க நிக்குது சார். நின்னா படத்துலயும் நிக்கும்" என்றாய். காலண்டர் வந்தது. உன் படம் வர வேண்டிய மாதத்துக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரியைப் போட்டிருந்தார்கள். நீ அதை வாங்கி வந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்து அதில் வடை மடித்துத் தந்தாய்.

முகத்திலும் அதே கதைதான். வரன் பார்க்கிறதுக்கு என்று மகளைக் கூட்டி வந்த ஒரு அம்மா, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா" என்று கெஞ்சினார். "மாப்ள ஊட்டுக்கு நாளைக்கு போட்டோவா போவப்போவுது? பொண்ணுதானே போவும்?" என்று கேட்டாய். அந்த அம்மா எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார். நிறைய பேர் அப்படிப் போனார்கள். எதிர்க் கடை மாடி கட்டியது. நீ ஷட்டருக்குப் பெயிண்ட்கூட அடிக்கவில்லை. ஆனாலும் அன்று அந்தப் பெண் படியிறங்கும்போது உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்தேன்.

உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். உனக்கு வரன் பார்த்த காலத்தில் யாரோ ஒரு ஸ்டூடியோக்காரன் உன் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருக்கிறான். வந்தவர்கள் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்களாம், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பாஸைச் சரிபார்க்கிற மாதிரி. அப்புறம் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்களாம். நீ சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாய். நான் சிரிக்கவில்லை. உன் நிறம்தானே எனக்கும். வெயிலில் போனால் தலைக்குத் துப்பட்டா போடு, இன்னும் கறுத்துவிடுவாய் என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது.

இப்போது பேனருக்கு வருகிறேன். ஊருக்கே படம் எடுத்த உனக்கு உன் படம் என்று ஒன்று கிடையாது. காரியத்துக்கு பேனர் அடிக்க வேண்டும் என்று நைனா, அதாவது என்னைப் பெற்ற உன் அண்ணன், ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த உன்னை வெட்டி எடுத்து பிளக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார். கடையிலிருந்து டிசைன் அவர் போனுக்கு வந்தது. மேகம், புறா, மெழுகுவத்தி. நடுவில் ரோஸ் உதட்டோடு, பால் நிறத்தில், யாருடையதோ பட்டுப்புடவையில் ஒரு அம்மணி.

"நைனா, இது யாரு? நம்ம வீட்ல இவங்க செத்ததை எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றேன்.

"வாய மூடு. உன் அத்ததான். நல்லாதான கீது?"

"அத்த இப்டியா இருந்திச்சி?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "தோ பாரு. அவ இருக்கசொல்ல கறுப்பு கறுப்புன்னு எத்தினி பேர் சொன்னாங்கன்னு எனக்குத்தான் தெரியும். அந்த நாயிங்க காபி குடிச்சிட்டு எந்திரிச்சிப் போனப்ப தட்டைப் புடிச்சிக்கினு நின்னவன் நானு. போய்ச் சேந்த பிறவாவது நாலு பேரு பாத்து அழகா இருந்தாள்னு சொல்லட்டுமேடி."

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"அப்போ நானும் செத்தாத்தான் அழகா ஆவேனா நைனா?"

அவர் கவிழ்த்து வைத்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "படிக்கிற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

படிக்கிற வேலையைப் பார்க்கவில்லை. நேராக பிளக்ஸ் கடைக்குப் போனேன். என் போனில் உன் படம் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏரிக்கரையில் நாரைக்காகச் சேற்றில் குப்புறப் படுத்திருந்தாய். உன் முதுகில் ஒரு குட்டி நண்டை எடுத்து விட்டேன். நீ திரும்பிக் கத்தினாய் பார், அந்தக் கத்தலில் எடுத்த படம். கன்னத்தில் சேறு, வாய் முழுசாகத் திறந்திருக்கிறது, பின்னால் ஒரு புகைக்கூண்டு நிற்கிறது. அதை உன்னிடம் காட்டியபோது, "ஏண்டி, தொண்டைக்கா போக்கஸ் வெச்ச?" என்றாய். பிறகு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அழிக்காத. இது நான்தான்" என்றாய்.

"நைனா போட்டோவ மாத்தச் சொன்னாருண்ணா" என்று கூசாமல் சொன்னேன்.

கடை அண்ணன் படத்தைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னாமா இது? கண்ணீர் அஞ்சலிமா, பல் டாக்டர் விளம்பரம் இல்ல."

"இதுதாண்ணா."

"சரி, கலராவது ஏத்துறேன்."

"ஏத்துங்க. ராத்திரி கனவுல வந்து அவங்களே கேப்பாங்க."

"கூண்டையாச்சும் தூக்கிடவா?"

"கை வெச்சிப் பாருங்க."

"உங்க குடும்பமே பேஜாரும்மா" என்று சொல்லிவிட்டு பிரிண்டுக்குப் போட்டார். புறாவையும் மெழுகுவத்தியையும் மட்டும் அவர் திருப்திக்கு விட்டுக்கொடுத்தேன். வளைந்துகொடுக்கத் தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

காரியத்தன்று காலை தெருமுனையில் பேனர் நின்றது. எட்டடி உயரத்தில் நீ எல்லோரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்தி, "அக்கா இன்னா யாரையோ வெச்சி வாங்கினு கீது?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை. பெரியப்பாவுக்குத்தான் கோபம் தலைக்கேறிவிட்டது. "அடிப்பாவி, சாவு வூட்ல விளையாட்டா? சேத்தோட, வாயத் தொறந்துகினு, கன்னங்கரேல்னு... மானம் போவுது. ஏய், கயித்த அவுருங்கடா!"

"அவுக்கக் கூடாது" என்று நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவில்லை.

அப்போதுதான் நைனா வந்தார். கூட்டம் ஒதுங்கியது. அவரே கிழித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவர் பேனருக்கு நேர் எதிரே நின்றார். அண்ணாந்து உன்னைப் பார்த்தார். நீயும் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாய். அவர் தோளிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அவுத்துட்லாம் தம்பி" என்றார் பெரியப்பா.

"இருண்ணா" என்றார் நைனா. "அவ திட்டி முடிக்கட்டும்."

அதற்கப்புறம் ஒருவரும் கயிற்றில் கை வைக்கவில்லை. நைனா என்னோடு பல நாள் பேசவில்லை. பொய் சொல்லிப் படத்தை மாற்றியதற்கு மன்னிப்புக் கேள் என்று அம்மா சொன்னார். கேட்கவில்லை அத்தை, கேட்கவும் மாட்டேன். அவர் உன்னை நேசித்துத்தான் வெள்ளையடிக்கப் பார்த்தார், அது எனக்குப் புரிகிறது. புரிந்துதான் மாற்றினேன்.

போன வாரம் காலேஜ் விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியிருந்தது. உன் ஷட்டர் மூடியிருக்கிறது, எதிர்க் கடைக்குத்தான் போனேன். எடுத்து முடித்து என்னைக் கேட்காமலேயே கம்ப்யூட்டரில் என் முகத்தை வெளுக்க ஆரம்பித்தார் அந்த ஆள்.

"கொறைங்கண்ணா" என்றேன்.

"எல்லாரும் ஏத்தத்தான்மா சொல்வாங்க."

"ஏத்தச் சொல்றவங்களுக்கு ஏத்துங்க. எனக்கு என் மூஞ்சி போதும்."

முனகிக்கொண்டே பழையபடி ஆக்கினார். எனக்குப் பின்னால் கம்பெனி யூனிபார்மில் ஒரு பெண் நின்றிருந்தாள், என் வயதுதான் இருக்கும். திரையில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணா, எனக்கும் கை வெக்காம அப்டியே குடுங்க" என்றாள்.

நான் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஜாரில் உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தலைக்குத் துப்பட்டா போடாமல், நடு ரோட்டில், நிதானமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.