விடிவெள்ளி மேற்கில் நிற்கிற மாதம்

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.
20.04.2026

என் ஆசைப் பிள்ளை கிருசாந்தினிக்கு,

அந்தோனியாரின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி, அப்பா சொல்ல அம்மா எழுதுகிற கடிதம். என்னோடு தொழிலுக்கு வருகிற வின்சன் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். போனில் கதைத்தால் வைத்த உடனே கதை போய்விடுகிறது. உன் கடிதம் என்றால் வேண்டிய மட்டும் அம்மாவைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லலாம். (தொண்டை காயுறது எனக்கு. – அம்மா)

நீ ஜேர்மனியில் என்ன வேலை என்று சந்தியில் கேட்டார்கள். ஒவ்வொரு நட்சத்திரமும் வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது, வருடத்துக்கு எவ்வளவு அசைகிறது என்று என் மகள் அளக்கிறாள் என்றேன்.

"நிண்ட இடத்தில நிக்கிறதை ஏன் அளப்பான்?" என்றான் வீரபாகு.

"நீயும்தான் விடிஞ்சாப் பொழுதுபட்டா அந்தக் கதிரையில இருக்கிறாய். உன்னை அளக்கத்தான் ஆளில்லை" என்றேன்.

சுனாமிக்கு முந்தின வருடம் நீ படகின் முன்பக்கத்தில், அணியத்தில் இருந்து, தெற்கில் சிலுவைபோல நிற்கிற குருசு வெள்ளி சரிவதைப் பார்த்து, "அப்பா, அது விழப்போகுது, பிடியுங்கோ" என்று அழுதாய். நீலச் சட்டை, கழுத்துப் பொத்தான் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒன்றும் மறக்காது.

கடலுக்குப் போய்வருகிறேன். போன கிழமை விடியப்புறம் விடிவெள்ளி கிழக்கில் விளக்குப்போல நின்றது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கரைக்கு ஓட்டினேன். வின்சன் வலைமேல் நித்திரை. நீரோட்டம் இழுத்து அலம்பில் பக்கம் கொண்டுபோய் விட்டது, வேறொன்றும் இல்லை. கண், கால் எல்லாம் திறம்.

உன் அப்பா,
இன்னாசித்தம்பி


ஜேர்மனி,
24.04.2026

அன்பு அப்பாவுக்கு,

அம்மா, இதைச் சத்தமாக வாசியுங்கோ. ஒரு வரியும் விடவேண்டாம்.

கொழும்பில் நிற்கிற ஒருவரின் தலைமயிர்த் தடிப்பை முல்லைத்தீவில் இருந்து அளப்பது எப்படியோ, அப்படித்தான் என் வேலை. வீரபாகு மாமாவிடம் சொல்லுங்கோ, நின்ற இடத்தில் நிற்கிற நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

அப்பா, விடிவெள்ளி இந்த மாதம் கிழக்கில் இல்லை. தைப்பொங்கலோடு சூரியனுக்குப் பின்னால் மறைந்து, இப்போது பொழுதுபட்டபின் மேற்கில் நிற்கிறது. விடியப்புறம் கிழக்கில் விளக்குப்போல ஒன்றுமே இல்லை. நீங்கள் எதை முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள்? பின்னேரங்களில் முற்றத்தில்தானே இருக்கிறீர்கள், மேற்கே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. பார்க்கவில்லையா, தெரியவில்லையா?

உங்களை அலம்பிலுக்கு இழுத்தது நீரோட்டம் இல்லை. அடுத்த முறை கரையே கிடைக்காமல் போகலாம். கண்ணைக் காட்டும்வரை படகில் ஏறவேண்டாம். நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். லீவு தராவிட்டால் வேலை போகட்டும்.

உங்கள் கிருசாந்தினி


கள்ளப்பாடு,
29.04.2026

மகளுக்கு,

வானத்தை அளக்கத்தான் உன்னை அனுப்பினேன். அப்பனை அளக்க இல்லை.

(வாசிச்ச நாளில இருந்து என்னோடையும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அவர் சொல்லாததை நான் எழுதிறன். போன ஞாயிறு வேலியில காயப்போட்ட வெள்ளைச் சீலையைப் பங்குச் சுவாமியார் எண்டு நினைச்சு, "தோத்திரம் சுவாமி" எண்டு தொப்பியைக் கழட்டினவர். சுவாமி பதில் சொல்லேல்லை எண்டு கோவம் வேறை.)

அம்மா என்ன எழுதுகிறாளோ தெரியவில்லை. நான் நிறுத்திய பிறகும் பேனை ஓடுகிறது.

சரி, சொல்கிறேன். மாரிக்குப் பிறகு என் கண்ணுக்கு எல்லாம் பனிமூட்டம்தான். அன்று கிழக்கில் நின்றது ஒரு பெரிய படகின் விளக்கு என்று வின்சன் விசாரித்துவிட்டு வந்தான். அது நகர நகர நானும் திரும்பியிருக்கிறேன். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

சொன்னால் நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் மறைத்தேன். கடைசிச் சண்டையில் மாத்தளனில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நீரேரி கடந்தது, நீ திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவா? வின்சனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீ வரக்கூடாது. வந்தால் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்.

அப்பா


ஜேர்மனி,
02.05.2026

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

வரவில்லை. ஆனால் ஒரு வேலை தருகிறேன். ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, பொழுதுபட்டபின் மேற்கில் விடிவெள்ளியும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கையை நன்றாக நீட்டி, இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரல் கொள்ளுகிறது என்று பார்த்து எழுதவேண்டும். இரண்டும் ஒரே புகையாகத் தெரிந்தால் டொக்டரிடம் திரும்பப் போகவேண்டும். அம்மா சொல்லிக்கொடுக்கக்கூடாது.

கிருசாந்தினி


கள்ளப்பாடு,
10.06.2026

அளவுகாரி என் மகளுக்கு,

வவுனியா ஆஸ்பத்திரியில் வலது கண் ஒப்பரேசன் முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது அம்மாதான்.

"எப்ப புனிதம் இவ்வளவு நரைச்சனீ?" என்று கேட்டேன்.

"நீங்கள் பாக்காத நேரமாப் பாத்துத்தான்" என்றாள்.

நேற்றுப் பொழுதுபட, பனைகளுக்கு மேலே இரண்டும் நின்றன. கையை நீட்டினேன். சுண்டுவிரல் ஒன்று கொண்டது. பிறகும் இடம் இருந்தது. பக்கத்து விரலையும் வைத்தால் வியாழன் மறைந்துபோனது. என் விரல் வலையின் தங்கூசி நூல் வெட்டித் தடித்த விரல், அதையும் கணக்கில் சேர். (என்ரை சுண்டுவிரல் எண்டால் ரெண்டு கொண்டது. சொல்லிக்குடுக்கேல்லை.)

இன்று விடியப்புறம் எழும்பிக் கிழக்கையும் பார்த்தேன். தேய்ந்த நிலவு நின்றது. விடிவெள்ளி இல்லை. உன் சொல் சரி. படகை இனி வின்சன் ஓட்டட்டும். மற்றக் கண்ணும் முடிந்தபின், அவன் ஏற்றினால், நான் அணியத்தில் இருந்து வலை இழுப்பேன்.

இன்னொன்று. எட்டு வருடத்துக்கு முந்திப் பெரிய மழைவெள்ளம் வந்த வருடமும் இந்த மாதத்தில் விடிவெள்ளி மேற்கில்தான் நின்றது. நத்தாருக்கு முன்னம் கிழக்குக்குத் திரும்பிவிட்டது. முற்றத்துத் தண்ணீரில் அதன் வெளிச்சம் கிடந்தது. இந்த முறையும் அப்படித்தான் என்று என் ஞாபகம் சொல்கிறது. உன் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்து எழுது.

சரியென்றால் அந்த நத்தார் மாதத்துக்கு லீவு கேள். நான் வரவேண்டாம் என்று சொன்னது கண்ணுக்கு. இது விடிவெள்ளிக்கு.

உன் அப்பா,
இன்னாசித்தம்பி

(வெள்ளி வராட்டிலும் நீ வா. – அம்மா)