இழுப்பா, தள்ளா என்று நீ கேட்டதற்கு

என் பிரியமான கோமதியக்கா,

நீ கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு வருடம் கழித்துப் பதில் எழுதுகிறேன். அதுவும் ஒரு பதில் இல்லை, இரண்டு. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

முதலில் வீட்டுச் சேதி. சாமை அறுத்து மூட்டை கட்டியாயிற்று. நான் பத்தாவது வந்துவிட்டேன். உன் வண்டி மூட்டை அறையில் ஸ்டாண்டில் நிற்கிறது, பின்சக்கரம் தரையில் படாமல். தெவசம் முடியும்வரை உன் பொருள் எதுவும் வாசல் தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். போன வாரம் தெவசம் முடிந்தது. ஓசூரில் உன்னோடு ஒரே அறையில் இருந்த ரேவதியக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமை மினி லாரியோடு வருகிறாள். நீ ஓட்ட நினைத்த அதே பெண்கள் பைக் பந்தயத்தில் உன் வண்டியை அவள் ஓட்டப்போகிறாள்.

ரேஷன் கடை வரிசையில் இன்னும் உன்னை வண்டிதான் கொண்டுபோனது என்கிறார்கள். ஒன்பது நாள் காய்ச்சல் என்று எத்தனை முறை சொல்வது? நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது வண்டி இங்கே காவலூரில், இதே அறையில் நின்றது. ஓசூரில் நிறுத்த இடமில்லை என்று நீதானே கொண்டுவந்து விட்டாய்?

காய்ச்சலுக்கு முந்தின வாரம் நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? குயிக்‌ஷிஃப்டர் வாங்கப்போகிறேன் என்றாய். கிளட்ச் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை விடாமல் கியர் ஏற்றலாம். கால் அழுத்தம் கியர் கம்பியில் ஏறியதும் அதிலுள்ள சென்சார் எஞ்சினை ஒரு கணம் நிறுத்திக் கொடுக்கும் என்று விளக்கினாய்.

"ரெண்டு வகை இருக்குது. ஒண்ணு கம்பிய இழுத்தா வேல செய்யும், ஒண்ணு தள்ளினா. நம்ம வண்டிக்கு எதுன்னு படிச்சுட்டு சொல்லுடி, புக்கு. எனக்குத் தல சுத்துது."

தேர்வு முடிந்து சொல்கிறேன் என்றேன். தேர்வு முடிவதற்குள் நீ போய்விட்டாய். நான் சொல்லாமல் விட்டதுதான் இந்த ஒரு வருடமும் என்னை அரித்தது.

அதனால் இந்த முறை முழுமூச்சாகப் படித்தேன். கையேடுகள், வண்டிக்காரர்கள் இணையத்தில் எழுதிக்கொள்ளும் சண்டைகள், எல்லாம். கணக்கு நோட்டின் பின்பக்கம் ஒன்பது பக்கம் குறிப்பு. இழுத்தாலும் தள்ளினாலும் உணரும் வகைகூட உண்டு, ஆனால் அது நம் பழைய வண்டிக்குப் பொருந்தாதாம். உன் வண்டி மாடலில், காலால் தூக்கி கியர் ஏற்றும்போது கம்பி இழுபடும் என்று எழுதியிருந்தது. இழுப்பு வகை என்று கோடு போட்டு முடித்தேன்.

ரேவதியக்காவிடம் போனில் சொன்னேன், பந்தயத்துக்கு அதை வாங்கி மாட்டப்போகிறவள் அவள்தானே. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டியில ஒக்காந்து பாத்தியா?"

பார்க்கவில்லை, அக்கா. ஒன்பது பக்கம் எழுதியவள் பத்தடி தள்ளியிருந்த வண்டியைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் ஏறி உட்கார்ந்தேன். பின்சக்கரத்தைச் சுற்ற ஆள் வேண்டும், இல்லாவிட்டால் கியர் விழாது. அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு வருடமாக அந்தப் பக்கம் திரும்பாதவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து சக்கரத்தைச் சுற்றினாள். நியூட்ரலில் இருந்து மிதித்தேன். விழுந்தது. தூக்கி ஏற்றும் வண்டியில் அது முதல் கியர், அதற்குமேல் மிதிக்க முடியாது. ஆனால் மறுபடி மிதித்தேன், விழுந்தது. மறுபடியும். ஐந்து முறை விழுந்தது. நீ எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறாய். மிதித்தால் ஏறுகிறது.

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இந்தக் கம்பி இழுக்கலடி, தள்ளிக்கினு போவுது" என்றாள்.

நான் அன்றைக்கே உனக்குப் பதில் சொல்லியிருந்தால் தப்பான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். இதில் நான் நிம்மதி அடைய வேண்டுமா, இன்னும் வருத்தப்பட வேண்டுமா? தெரியவில்லை.

ஏன் திருப்பினாய்? பந்தயக்காரர்கள் பலரும் அப்படித்தான், சாய்ந்து வரும்போது லீவருக்கு அடியில் கால் நுழைக்க இடமிருக்காது என்கிறாள் ரேவதியக்கா. அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. நீ ஏழாவது படிக்கும்போது பலாமரத்திலிருந்து விழுந்தாயே, அந்த இடது கணுக்கால். "அந்தக் கால மேல தூக்கவே வராதே அவளுக்கு" என்றாள். உனக்கு வலித்துக்கொண்டே இருந்ததா, அக்கா? எங்கள் யாரிடமும் ஏன் சொல்லவில்லை?

இதோடு முடிந்திருந்தால் தள்ளு வகை என்று எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனால் ரேவதியக்கா எட்டு வருடமாகக் காலால் தூக்கியே கியர் ஏற்றுபவள். கோமதி வைத்தபடியே ஓட்டட்டுமா, திருப்பட்டுமா, உங்கள் வீட்டு விருப்பம் என்று விட்டுவிட்டாள். திருப்பினால் இழுப்பு வகை. திருப்பாவிட்டால் தள்ளு வகை. நான் ஒரு சாமான் தேர்ந்தெடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

உன் காலின் பழக்கம் அந்த வண்டியில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதை மாற்ற எனக்கு மனசே இல்லை. நீ வைத்தபடி இருக்கட்டும் என்று சொல்லத்தான் போன் செய்தேன். சொல்வதற்கு முன்னால், பழகாமல் அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வேகத்துல கால் யோசிக்காது, புக்கு. ஏத்தணும்னு தூக்குவேன், எறங்கிடும். பின்சக்கரம் பூட்டிக்கும். அப்புறம் இன்னா, உருள வேண்டியதுதான்" என்று சிரித்தாள். "ஆனா நீங்க சொன்னா பழகிக்கிறேன்."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உன் டிரங்குப் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தாள்.

கம்பியைப் பிடித்திருக்கும் சின்ன இரும்புக் கையைக் கழற்றி நானே திருப்பிப் போட்டேன். கழற்றும் முன் அது நின்ற இடத்தில் உன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். பிறகு அம்மா சக்கரத்தைச் சுற்றினாள், நான் தூக்கினேன், ஏறியது. கம்பி இழுபட்டது. இரண்டு முறை சரிபார்த்தோம்.

ஆக, ரேவதியக்காவுக்கு இழுப்பு வகை. உனக்குத் தள்ளு வகை, அக்கா. நீ கேட்டதற்குப் பதில் அதுதான். தாமதமாகிவிட்டது.

பந்தயம் முடிந்து வண்டி வீடு திரும்பும் நாளில் அந்தக் கையை உன் கோட்டுக்கே திருப்பி வைப்பேன். எனக்குக் கணுக்காலில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் வண்டி பழகும்போது மிதித்து ஏற்றித்தான் பழகுவேன்.

உனக்குப் பின் பிறந்தவள்,
உன் புக்கு, தேன்மொழி